வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடாதே, சாமி

சாமி,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. பலாப்பழம் ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் போகும் லாரி இன்று மூன்று மணிக்கு ஒண்டிக்கடை பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்புகிறது. அதன் டிரைவர் நாளைக் காலையில் உன் பேக்டரி கேட்டில் நின்று உன்னைக் கூப்பிடுவார். கவரை ஒட்டவும் இல்லை. வேண்டுமென்றுதான் ஒட்டவில்லை. நீ வாங்க மாட்டேன் என்றாலோ, அப்புறம் படிக்கிறேன் என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டாலோ, அங்கேயே நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி முழுவதையும் படித்துவிடுங்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் எட்டாவது வரை படித்தவர். குரலும் பெரிய குரல். உன்னோடு வேலை செய்கிறவர்கள் கேட்டால் கேட்கட்டும். இதில் எனக்கு வெட்கப்பட வேண்டியது நிறைய இருக்கிறது, ஆனாலும் மறைக்க இனி நேரமில்லை.

எழுதுகிறவள் உன் தங்கை. எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். ஐந்து வருடமாக நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதினால் கேட்டில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள், அதனால் புத்தகத்தில் இருக்கிற மாதிரி எழுது என்று சொன்னேன். ஆனால் ஒரு சொல்லைக்கூடச் சேர்க்காதே, ஒரு சொல்லைக்கூட விடாதே என்றும் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் எனக்குப் படித்துக் காட்டுகிறாள். ஏன் இவ்வளவு எச்சரிக்கை என்று கேட்பாய். சொல்கிறேன். முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன், லாரி முன்னதாகக் கிளம்பினாலும் இதுவாவது உன் கைக்கு வரட்டும். வெள்ளிக்கிழமை நீ வேலையை ராஜினாமா செய்யக்கூடாது. அந்தக் கல்கத்தா கால்பந்துக் கிளப்பின் ஆள் நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்துப் போடக்கூடாது. போன மாதக் கடிதத்தில் உன்னைப் போகச் சொன்னது நான் இல்லை.

உன் கடிதம் நேற்று வந்தது. தங்கை பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அவள் வருகிற வரைக்கும் பொறுக்க முடியாமல், நம் வாழவந்தியிலிருந்து பஸ் ஏறி ஒண்டிக்கடைக்குப் போய், நாம் அரிசி பருப்பு வாங்குகிற கடை பாயிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனதுக்குள் கொஞ்சம் படித்துவிட்டுச் சிரித்தார்.

"நல்ல சேதிதானுங்க அக்கா. பையன் கல்கத்தா கிளம்பறானாம்."

"எங்கிங்க பாய் கிளம்பறான்?"

"நீங்கதானே போகச் சொன்னீங்களாம். அம்மா போன்னு சொன்னதே பெரிய தைரியம், அந்தக் கடுதாசிய மடிச்சுப் பையிலேயே வெச்சிருக்கேன்னு எழுதியிருக்கான்."

"நானா?"

"நீங்கதானுங்க. இதோ பாருங்க."

"எனக்குப் பாத்தா என்னங்க தெரியும் பாய், நீங்களே இன்னொருக்கா படிங்க."

பலாப்பழம் அடுக்கிக்கொண்டிருந்த ஆள் ஒருவன் திரும்பிப் பார்த்தான். "ஏனுங்கக்கா, மவனுக்கு யோசனையும் சொல்லிப்போட்டு அதை மறந்தும் போயிட்டீங்களா? வர்ற பணத்தையாச்சும் மறக்காம வாங்கிப்போடுங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பாய் இரண்டாவது தடவை படிக்கும்போதுதான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் முழங்காலில் ஊசி போடுவார்கள் என்ற இடம் வந்தது. போட்டால் தொண்ணூறு நிமிடத்துக்கு வலியே தெரியாது, ஒரே ஒரு சீசன்தான், பயப்படாதீர்கள் அம்மா என்று எழுதியிருந்தாய். பாய் அந்த இடத்தில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவரும் சிரிக்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, "ஊட்டுக்குப் போயி புள்ளகிட்டக் கேளுங்க அக்கா, சத்தம் போடாம கேளுங்க" என்றார்.

சத்தம் போடாமல்தான் கேட்டேன். "கண்ணு, போன மாசம் அண்ணனுக்கு என்னன்னு எழுதுன?" என்றேன். "நீங்க சொன்னதத்தாம்மா" என்றாள். "நான் என்ன சொன்னேன்?" என்றேன். கல்கத்தாக்காரன் கூப்பிடுகிறான், ஊசி போட்டுக்கொண்டால் ஆடலாமாம், போகட்டுமா என்று நீ கேட்டிருந்ததற்கு நான் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது சாமி, ஏனென்றால் நான் அதிகம் சொல்லவில்லை. ஆடியது போதும். வேலையை விடாதே. காலில் யாரையும் ஊசி போட விடாதே. தாங்க முடியாவிட்டால் லீவு போட்டுவிட்டு ஊருக்கு வா. இவ்வளவுதான். அவள் அதை எழுதுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு வேறொன்றை எழுதியிருக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையெழுத்து எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று அவளே சொல்லட்டும். அடுத்த பத்தியை அவள் பேரில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணா, இது நான், தங்கை. உங்களுக்கு அந்தப் படம் நினைவிருக்கும், நான் பேப்பரிலிருந்து வெட்டி அனுப்பியது. உலகத்திலேயே பெரிய பந்தாட்டக்காரர், ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னவர், முப்பத்தைந்தை நெருங்கும் வயதில் ஓர் அமெரிக்க டீமில் ஆட ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிற படம். அந்தச் செய்தியைப் பாய் கடை பெஞ்சில் உட்கார்ந்து நான்தான் எல்லோருக்கும் வாசித்தேன். எந்த ஆட்டக்காரருக்கும் இதுவரை கொடுக்காத சம்பளம் என்று போட்டிருந்தது. "அமெரிக்காக்காரனுக்கு இந்த ஆட்டமே தெரியாதாமே, அப்புறம் எதுக்கு இத்தனை பணம்?" என்று ஒருவர் கேட்டார். "தெரிஞ்சவன்னா குறை சொல்லுவான், தெரியாதவன் கேட்டதக் குடுப்பான்" என்றார் பாய். நான் உங்களை நினைத்துக்கொண்டே வாசித்தேன். உங்கள் கடிதம் அதே வாரம் வந்தது. அவருக்கு அமெரிக்கா, எங்கள் அண்ணனுக்குக் கல்கத்தா என்று எனக்குத் தோன்றியது. அம்மா செய்தித்தாள் படிக்காதவர்கள், அதனால்தான் பயப்படுகிறார்கள் என்று முடிவு செய்தேன். இன்னொன்றும் உண்டு. பணம் வந்ததும் தங்கையைச் சேலத்தில் ஹாஸ்டலில் சேர்த்துக் காலேஜ் படிக்கவைப்பேன் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதையும் நினைத்துக்கொண்டுதான் "போ" என்று எழுதினேன். இன்று காலையில் பாய் கடையில் பொட்டலம் கட்ட வைத்திருந்த பழைய பேப்பர்களைக் கலைத்து, நான் படத்தை வெட்டிய அதே தாளைத் தேடி எடுத்தேன். நான் படத்தை ஒட்டி நேராக வெட்டியதில் செய்தியின் பின்பாதி தாளிலேயே தங்கிவிட்டது. கடையில் வாசித்த அன்று மழை வந்து எல்லோரும் கலைந்ததால் அந்தப் பாதியை நானும் படித்திருக்கவில்லை. காலில் அடிபட்டு அவர் ஆட முடியாமல் போனாலும் பேசிய சம்பளம் குறையாது என்று அதில் இருக்கிறது. அவருக்கென்று தனியாக ஒரு டாக்டர் இருப்பார் என்றும், ஆட்டத்தை நிறுத்திய பிறகும் வருடக்கணக்கில் அவருக்கு அந்தக் கம்பெனியில் வேலை உண்டு என்றும் இருக்கிறது. உங்களிடம் கல்கத்தா ஆள் சொன்னது, ஆடுகிற வரைக்கும்தான் பணம், பாதியில் நின்றால் அத்தோடு சரி என்பது. இரண்டும் ஒன்று இல்லை அண்ணா. அந்தப் பாதித் தாளையும் இதோடு வைத்திருக்கிறேன். என்னை மன்னிக்க வேண்டும் என்று இப்போது கேட்கவில்லை. நீங்கள் கையெழுத்துப் போடாமல் இருந்தால் அப்புறம் கேட்பேன்.

இனி நான், உன் அம்மா, பேசுகிறேன். அந்தப் பெரிய ஆட்டக்காரர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர் நன்றாக இருக்கட்டும். ஆனால் அவர் மைதானத்தில் வந்து சும்மா நின்றாலும் பார்க்க ஜனம் வரும் சாமி. அவர் பேருக்குத்தான் அந்தப் பணம். உன்னிடம் கேட்பது உன் பேரை இல்லை, உன் முழங்காலை. அதுவும் ஒரு சீசனுக்கு மட்டும். அதற்குப் பிறகு அந்த முழங்கால் யாருடையது என்று அந்த ஆள் சொன்னானா? பேக்டரியில் நீ பந்தைத் தொடாவிட்டாலும் வயதாகிற வரைக்கும் உன்னை யாரும் வெளியே அனுப்ப முடியாது. அதற்காகத்தான் அந்த வேலையில் சேர்ந்தாய். அதை நீயே கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்கப் போகிறாய்.

உனக்கு என்ன வருத்தம் என்பதும் எனக்குத் தெரிகிறது. பேக்டரி டீமில் உன் இடத்தில் இருபது வயதுப் பையன்கள் ஆடுகிறார்கள், உன்னை மிஷின் பக்கம் அனுப்பிவிட்டார்கள், ஷிப்டு முடிந்து வெளியே வந்தால் ஒருத்தனும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று போன தீபாவளிக்கு வந்தபோது சொன்னாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நான் உன் ஆட்டத்தை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், நீ சேலத்தில் மில் டீமில் ஆடியபோது. ஆட்டம் முழுவதும் ஜனம் உன் பேரைச் சொல்லிக் கத்தியது. பக்கத்தில் இருந்த பெண் என்னைப் பிடித்து உலுக்கி, "உங்க பையனுங்களா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன், ஆனால் சந்தோஷப்படத் தெரியவில்லை. எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள், நான் உன் பாதம் எங்கே விழுகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் அப்படிப் பார்த்தேன் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும்.

அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். போன கடிதத்தை இவள் மாற்றி எழுதினாள் என்றால், இந்தக் கடிதத்தையும் மாற்றி எழுதியிருக்க மாட்டாள் என்று நீ எப்படி நம்புவாய்? அம்மா பயந்துபோய் வேறு யாரோ எழுதிக் கொடுத்தது என்று நினைத்துவிடலாம். அதனால் உனக்கும் எனக்கும் தவிர இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அப்போது உன் தங்கைக்கு ஒரு வயது. அவளால் இதைக் கற்பனை செய்ய முடியாது.

இதே மாதம்தான். மழைக்கு முன்னால் காபி எஸ்டேட்டில் நிழல் மரங்களின் கிளைகளைக் கழிக்கிற நேரம். உன் அப்பாவுக்கு ஒரு வாரமாகக் கணுக்கால் வீங்கியிருந்தது. மழை இறங்குவதற்குள் மேட்டு வரிசையை முடித்துக் கொடுத்தால் இரட்டைக் கூலி என்று காண்ட்ராக்டர் சொல்லியிருந்தார். அன்று காலையில் உன் அப்பா பாயில் உட்கார்ந்துகொண்டு, "கால் நொம்ப நோவுது புள்ள, இன்னிக்கு ஏறலை" என்றார். நான்தான், "இன்னும் நாலு மரந்தானுங்க, ஏறிப்போடுங்க, மழை வந்துட்டா அப்புறம் யாரு கூப்புடுவாங்க" என்றேன். சொன்னதோடு விடவில்லை. என் பழைய சேலையின் கரையைக் கிழித்து, குதிகாலிலிருந்து கெண்டைக்கால் வரைக்கும் இறுக்கிச் சுற்றி நானே கட்டினேன். நான் விறகுக் கட்டுக்குப் போடுகிற முடிச்சைப் போட்டேன். அவர் எழுந்து நின்று இரண்டு தடவை தரையில் மிதித்துப் பார்த்தார். "அட, இப்ப நோவே தெரியலையே" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு வைத்தியம் கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

மூன்றாவது மரத்தில் விழுந்தார். கிளை ஈரமாக இருந்து வழுக்கிவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னேன். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டரிடம் அப்படித்தான் சொன்னேன், ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் சொன்னேன். அன்று மழையே பெய்யவில்லை சாமி. காலுக்கு வலி தெரியாமல் போனபோது மரமும் தெரியாமல் போய்விட்டது. கிளை இல்லாத இடத்தில் அவர் காலை வைத்துவிட்டார். வைத்த கால் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. வலி இருந்திருந்தால் மெதுவாக வைத்திருப்பார், தடவிப் பார்த்திருப்பார், இல்லாவிட்டால் ஏறியே இருக்க மாட்டார். வீட்டிலேயே பாயில் உட்கார்ந்துகொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருந்திருப்பார்.

சேலம் ஆஸ்பத்திரியில் அந்தத் துணியை அவிழ்த்தது நீதான். உனக்குப் பதினெட்டு வயது. முடிச்சைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். விறகுக் கட்டுகளை எத்தனை தடவை என்னோடு தூக்கி வந்திருப்பாய், அது யார் போட்ட முடிச்சு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. துணியைச் சுருட்டி என் கையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாய். அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகு பதினான்கு வருடத்தில் ஒரு நாளும் கேட்கவில்லை. உன் அப்பாவும் ஆறு வருடம் தடியை ஊன்றிக்கொண்டு நடந்து, கடைசி வரைக்கும் எல்லோரிடமும் கிளை வழுக்கிவிட்டது என்றே சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் காப்பாற்றிவிட்டீர்கள். அந்த வருடம்தான் நீ எஸ்டேட் டீமை விட்டுவிட்டு மில்லுக்கு ஆடப் போனாய், உன் கால் சம்பாதித்தால்தான் இங்கே அடுப்பு எரியும் என்பதால் போனாய். ஆக உன் காலையும் பந்துக்கு அனுப்பியது நான்தான். ஒரு ஆள் காலைக் கட்டிவிட்டேன், இன்னொரு ஆள் காலில் பிழைத்தேன். மறுபடியும் ஒருவன் வந்து, ஊசி போட்டால் வலி தெரியாது, ஒரே ஒரு சீசன்தான் என்கிறான். "இன்னும் நாலு மரந்தானுங்க" என்று நான் சொன்னதைத்தான் அவன் சொல்கிறான். எனக்கு அது வேறு மாதிரி கேட்கவில்லை.

இந்த இடத்தில் உன் தங்கையின் பேனா நின்றுவிட்டது. அப்பாவைப் பற்றி அவளுக்கு இது தெரியாது. எழுது கண்ணு என்றேன். "அம்மா, இதை வேற மாதிரி எழுதட்டுங்களா?" என்று கேட்டாள். "வேற மாதிரி எழுதித்தானே இங்க வந்து நிக்கிறோம், அப்படியே எழுது" என்றேன். எழுதிவிட்டாள். அவள் படிப்பைப் பற்றி நீ கவலைப்படாதே. அவளுடைய டீச்சர் உதவிப் பணத்துக்கு மனு எழுதித் தருகிறேன் என்கிறார். கிடைத்தால் படிக்கட்டும். கிடைக்காவிட்டால் பாய் கடைக் கணக்கையாவது எழுதுவாள், அங்கே எதையும் மாற்றி எழுதினால் பாயே பார்த்துக்கொள்வார். உன் முழங்காலில் ஏறித்தான் அவள் காலேஜுக்குப் போக வேண்டும் என்றால் அவளுக்கு அது வேண்டாம். இதை நான் மட்டும் சொல்லவில்லை, தலையை ஆட்டிக்கொண்டே எழுதுகிறாள்.

உனக்கு உத்தரவு போட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடிதத்தில் எனக்குச் சமாதானம் சொல்லாதே, இனி என்னால் ஒரு கடிதத்தையும் நம்பிக் கேட்க முடியாது. நீ கல்கத்தாவிலிருந்து நன்றாக இருக்கிறேன் என்று எழுதுவாய், யாராவது எனக்கு அதைப் படிப்பார்கள், நான் படிக்கிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்படி ஒரு வருடம் என்னால் இருக்க முடியாது சாமி. உடம்பும் முன் மாதிரி இல்லை. மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறது.

மணி இரண்டரை ஆகிவிட்டது. லாரி ரோட்டில் நின்று ஹாரன் அடிக்கிறது, டிரைவர் கிளம்புவதற்கு முன்னால் நமக்காக ஒண்டிக்கடையிலிருந்து இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறார். இந்தக் கடிதத்தோடு ஒரு துணி இருக்கும். பார்த்ததும் தெரிந்துகொள்வாய். நீ என் கையில் வைத்த அன்றிலிருந்து டிரங்குப் பெட்டியின் அடியில்தான் கிடந்தது. துவைக்கவும் இல்லை, எரிக்கவும் இல்லை. இதை உன் தங்கை இன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறாள்.

டிரைவர் போனதும் ஓரிடத்தில் தனியாக உட்கார். செருப்பைக் கழற்றிவிட்டு, உன் வலிக்கிற காலில் குதிகாலிலிருந்து இந்தத் துணியை இறுக்கிச் சுற்று. என் முடிச்சையே போடு, உனக்குத் தெரியும். கால் மரத்துப்போகிற வரைக்கும் பொறுத்திரு. அப்புறம் எழுந்து கண்ணை மூடிக்கொண்டு, பாதத்தைத் தரையில் வைத்துப் பார். தரை எங்கே இருக்கிறது என்று கால் உனக்குச் சொல்கிறதா பார். சொல்லவில்லை என்றால் துணியை அவிழ்த்துவிட்டு, வலி திரும்பி வருகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திரு.

பதில் எழுதாதே. வெள்ளிக்கிழமை கழிந்ததும் டிரைவர் மறுபடி உன் கேட்டுக்கு வருவார், லாரி அடுத்த புதன்கிழமை மலையேறும். நான் அடிவாரத்துக்கே வந்து ரோட்டோரம் நிற்பேன். என்ன சொன்னாய் என்று டிரைவர் வாயால் சொல்லட்டும். அந்தத் துணியை மட்டும் அவரிடம் திருப்பி அனுப்பிவிடு சாமி. முடிச்சில்லாமல் அனுப்பு.

உன் அம்மா